ஏழு வயதுப் பேரனின் மூளை கெட்டுவிட்டதா?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஏழு வயது; இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் அப்பா குடித்துவிட்டு வந்து என் மகளை அடிப்பார். தென் ஆப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரில் 2022 ஏப்ரலில் வந்த வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு இரவோடு இரவாகச் சரிந்து சமையலறையை அடித்துக்கொண்டு போனது. பையனுக்கு அப்போது மூன்று வயது. அதன் பிறகு மருமகனுக்கு வேலையும் போய், அடியும் அதிகமானது. நாலரை வயதில் அவனை டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மகளும் இப்போது கணவரை விட்டுவிட்டு, இதே ஊரின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஓர் அறை எடுத்து வேலைக்குப் போகிறாள்.

மழை பலத்தால் பையன் படுக்கையிலிருந்து எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே நிற்கிறான். தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டை ஒளித்து வைக்கிறான். வகுப்பில் உட்காருவதில்லை, பின்னாலிருந்து யாராவது தொட்டால் கை ஓங்கிவிடுகிறான். கவனக்குறைவு நோயாக இருக்கும், மாத்திரை கேட்டுப் பாருங்கள் என்கிறார் ஆசிரியை. "இரண்டு போடு, சரியாகிவிடுவான், ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்கிறான் என் தம்பி. நானும் இரண்டொரு முறை கை நீட்டிவிட்டேன். பள்ளிக் கூட்டத்தில் பேச வந்த ஒருவர், முதல் ஆயிரம் நாட்களில் மூளை அமைந்துவிடும், அப்போது கிடைக்காதது பிறகு கிடைக்காது என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஞாயிறுதோறும் மகள் வந்து போன பிறகு இரண்டு நாள் பையனைச் சமாளிக்க முடிவதில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? எனக்கு 67 வயது. ஐந்து வயதில் காட்டோ மேனரிலிருந்து எங்களை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் வளர்ந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, இவனுக்கு மட்டும் ஏன்? இவன் மூளை கெட்டுவிட்டதா?

பதில்:

அன்புள்ள அம்மா,

கெட்டுவிடவில்லை. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன். நீங்கள் இன்றிரவாவது தூங்க வேண்டும். மற்றதை நாளைக் காலையில் படித்தாலும் போதும்.

கூட்டத்தில் பேசியவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். கரு உருவான நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை ஏறத்தாழ ஆயிரம் நாட்கள். அந்த நாட்களில் மூளை வளரும் வேகம் பிறகு எப்போதும் வராது. இரண்டு வயதில் அது பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடும். இரும்புச்சத்து, அயோடின், தாயின் நிம்மதி, பேச்சு, கொஞ்சல் எல்லாம் அப்போது கிடைப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. இதை எடுத்துச் சொல்லி, கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பணம் ஒதுக்குங்கள் என்று அரசாங்கங்களை நெருக்குவது நல்ல காரியம். அதையே ஏழு வயதுப் பிள்ளையின் பாட்டியிடம் தீர்ப்பு மாதிரி வாசித்துவிட்டுப் போவது கொடுமை. திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, யோசித்துச் செய்வது ஆகியவற்றைக் கவனிக்கும் முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முதிர்கிறது. பேரனுக்கு இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தம்பியிடமும் சொல்லுங்கள்: பழமொழி ஐம்பது வயதுக்காரரைப் பற்றியது, பையனுக்கு ஏழுதான் ஆகிறது.

மூளை பிறகு தேறாது என்று சொல்பவர்களுக்கு நான் எப்போதும் ருமேனியாவைக் காட்டுவேன். செளசெஸ்கு ஆட்சி 1989இல் விழுந்தபோது அங்கே அரசு அனாதை இல்லங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கிடந்தார்கள். உணவு வரும், உடை வரும். தூக்கிக் கொஞ்ச ஆள் வராது. 2000ஆம் ஆண்டு தொடங்கி சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை எடுத்து, சீட்டுக் குலுக்குவதைப் போல் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள்; மீதிப் பேர் வழக்கமான ஏற்பாட்டிலேயே இருந்தார்கள். ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள் பல விஷயங்களில் அதிகம் தேறினார்கள் என்பது உண்மை. கூட்டத்தில் பேசியவர் கேள்விப்பட்டது இந்தப் பகுதியாக இருக்கலாம். ஆனால் இரண்டு வயதுக்குப் பின் போனவர்களுக்கும் பலன் கிடைத்தது. வீடு மாற்றாமல் ஒரே குடும்பத்தில் நிலையாக வளர்ந்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. எல்லாம் முழுமையாகச் சரியாகிவிடவில்லை. நினைவில் வைத்து யோசிக்கும் திறன் போன்ற சிலவற்றில் பின்தங்கல் நீடித்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் பேரன் அந்தப் பிள்ளைகளைப் போன்றவன் அல்லன். கேட் மக்லாஃப்லின், மார்கரெட் ஷெரிடன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு வேறுபாட்டை வலியுறுத்துகிறார்கள். எனக்கு அது தொழிலில் தினமும் உதவுகிறது. இளமையில் வரும் துன்பம் இரண்டு விதம்: கிடைக்க வேண்டியது கிடைக்காமை ஒன்று, அச்சுறுத்தல் மற்றொன்று. பேச்சும் விளையாட்டும் அணைப்பும் கிடைக்காத பிள்ளைக்கு மொழியும் சிந்தனையும் பின்தங்குகின்றன. அச்சத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மூளையின் பயப் பாதைகள் கூர்மையாகின்றன. உங்கள் மகள் அடி வாங்கிய காலத்திலும் பிள்ளையைப் பால் கொடுத்து, பேசி, தாலாட்டி வளர்த்தவள் என்று கடிதத்தில் வேறோரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு அன்பில் பஞ்சம் இல்லை, பயம்தான் அதிகம்.

அந்தப் பயம் உடலில் வேலை செய்வது இப்படி. ஆபத்து என்று பட்டதும் மூளைக்குள் அமிக்டலா என்ற சிறு பகுதி முதலில் விழித்துக்கொள்கிறது. நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே இதயம் வேகமெடுக்கும், தசை இறுகும். அடுத்து மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் செய்தி கைமாறி, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இரத்தத்தில் ஏறும். ஏறிய கார்டிசாலை ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி உணர்ந்துகொண்டு, போதும், நிறுத்து என்று சொல்ல வேண்டும். இது எல்லோருக்கும் உள்ள ஏற்பாடு. ஊசி போடும்போதும் பள்ளியில் சேரும் முதல் நாளிலும் இதே கார்டிசால்தான் ஏறுகிறது. அம்மா தூக்கிக்கொண்டால் இறங்கிவிடுகிறது. அணைக்கும் ஆளும் நடுங்கிக்கொண்டிருக்கும் வீட்டில், இறங்க நேரமில்லாமல் மாதக்கணக்கில் ஏறியே இருந்தால்தான் தொல்லை. ஹார்வர்டின் ஜாக் ஷான்காஃப் போன்றவர்கள் நச்சு மன அழுத்தம் என்பது அதைத்தான்.

அந்த வீட்டில் உங்கள் பேரனின் மூளை என்ன கற்றது என்று பாருங்கள். வண்டிக் கதவு அறையும் ஓசையிலேயே அப்பா குடித்திருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கற்றது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் சேத் போலாக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். மங்கலாக இருந்து மெல்ல மெல்லத் தெளிவாகும் முகப்படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டினார். அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள், படம் முழுதும் தெளிவதற்குள்ளேயே கோபத்தை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த வீட்டில் அது உயிர்காக்கும் திறமை. வகுப்பறையில் அதே திறமை வம்பாகிறது: ஆசிரியை கரும்பலகையைப் பார்த்துப் புருவம் சுருக்கினாலும் அது தன்மீதுள்ள கோபம் என்று இவனுக்குப் படும். பின்னாலிருந்து தொட்டவன் பென்சில் கேட்கத்தான் தொட்டான் என்று யோசிப்பதற்குள் கை எழுந்துவிடும்.

டர்பனில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும். இரவில் சிவப்பு விளக்கில் நின்றால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பக்கவாட்டில் பார்க்காதவர் யார்? வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போய், கதவைப் பூட்டாமல் தூங்கும் தெருவில் தங்கினாலும் முதல் சில வாரம் அந்தக் கை தானாகப் பூட்டைத் தேடும். நமக்கு மூளை கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பேரன் இன்னும் பழைய வீட்டின் சட்டத்தில் இருக்கிறான். உங்கள் வீடு வேறு என்று அவன் உடல் நம்புவதற்குக் காலம் பிடிக்கும். நாலரை ஆண்டு கற்றதை இரண்டரை ஆண்டில் மறந்துவிடவில்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

மழைக்கு வருவோம். கடிதத்தில் என் மனத்தில் பதிந்தது அந்த ஷூதான். மண் சரிந்த இரவில் யாரோ அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். வெறுங்காலோடு சேற்றில் நின்றிருப்பான். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைக் கதையாகச் சொல்ல வராது; உடல் மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. ஷூ மாட்டிக் கதவருகே நிற்பது பைத்தியக்காரத்தனம் அல்ல. அவன் வயதில் செய்யக்கூடிய மிகச் சிறந்த முன்னெச்சரிக்கை. ஆகவே "கழற்று, ஒன்றுமில்லை, படு" என்று சொல்லாதீர்கள். ஒன்றுமில்லை என்று பெரியவர்கள் சொன்ன இரவில்தான் சமையலறை போனது.

இப்படிச் செய்து பாருங்கள். மழை இல்லாத ஒரு பகலில் அவனுடன் வீட்டைச் சுற்றி நடங்கள். பின்சுவர், வடிகால், மேட்டின் பக்கம் எல்லாவற்றையும் காட்டுங்கள். மண் நகர்ந்தால் எப்படித் தெரியும், தெரிந்தால் யார் வீட்டுக்குப் போவோம், எந்தக் கதவு வழியாகப் போவோம் என்று பேசி முடிவு செய்யுங்கள். அவனுடைய ஷூவும் ஒரு டார்ச்சும் கட்டிலுக்குக் கீழே இருக்கட்டும். மழை வந்தால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். அவன் எழுவதற்கு முன் நீங்கள் அவன் அறைக்குப் போய், "மழை வந்துவிட்டது, வா, சுவரைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். ஜன்னலிலிருந்து டார்ச் அடித்து இருவரும் பாருங்கள். "சுவர் நிற்கிறது" என்று அவனே சொல்லட்டும். பிறகு வெதுவெதுப்பான பால், படுக்கை. ஷூவோடு தூங்கினால் தூங்கட்டும். காவல் காக்கும் வேலை தன்னுடையது மட்டுமல்ல, ஆயா விழித்திருக்கிறாள் என்பது உறைத்தால் அந்த ஷூ தானாகக் கழலும். எத்தனை மழைக்குப் பிறகு என்று என்னால் சொல்ல முடியாது. கோடைக்காலம் முழுக்க எடுக்கலாம்.

சாட்ஸ்வொர்த் மலைச்சரிவுகளில் கட்டிய ஊர். உங்கள் வீட்டின் பின்மேடு உண்மையிலேயே ஆபத்தானதென்றால், அதை முதலில் மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். உண்மையான ஆபத்துக்கு ஆறுதல் வார்த்தை மருந்தாகாது.

ரொட்டித் துண்டு எளிது. கண்டுபிடித்துத் திட்டாதீர்கள், ரகசியமாக எடுத்துப் போடவும் வேண்டாம். மூடியுள்ள டப்பா ஒன்றை அவனிடம் கொடுத்து, "இது உன்னுடையது, பிஸ்கட்டும் பழமும் இதில் எப்போதும் இருக்கும், தீர்ந்தால் நான் நிரப்புவேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நிரப்புங்கள். முதல் வாரம் இரண்டு நாளில் காலி செய்வான். சோதிக்கிறான் என்று பொருள். நிரப்பிக்கொண்டே இருங்கள்.

பள்ளி விஷயத்தில் ஆசிரியை மீது எனக்குக் கோபம் இல்லை. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர் அவர். ஆனால் கவனக்குறைவும், எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஓரிடத்தில் உட்காராமை, ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்புதல், சொன்னதை மறத்தல். ஒன்றில் மனம் எதிலும் நிற்பதில்லை. மற்றொன்றில் மனம் கதவின் மீதே நிற்கிறது. சில பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். மாத்திரை விஷம் என்று சொல்பவர்கள் கட்சியில் நான் இல்லை. கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட் என்ற மாத்திரை தேவையான பிள்ளைக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் வரலாறு கேட்காமல் எழுதும் சீட்டை ஏற்காதீர்கள். மருத்துவரிடம் மூன்றையும் சொல்லுங்கள்: வீட்டில் நடந்த வன்முறை, வெள்ளம், பிள்ளை இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்பது. அவன் வயிற்றில் இருந்தபோது உங்கள் மகள் குடித்ததுண்டா, ஏதாவது மருந்து எடுத்தாளா என்று கேட்டால் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லட்டும். காதுப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பகுதி அரசு கிளினிக்கில் சீட்டு வாங்கினால் மருத்துவமனையின் குழந்தை உளவியல் பிரிவுக்கு அனுப்புவார்கள். காத்திருக்கும் பட்டியல் நீளம். அதனால் இப்போதே பெயரைக் கொடுங்கள்.

அதுவரை ஆசிரியையிடம் ஒரே ஓர் உதவி கேளுங்கள். அவனுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படியும், கதவு கண்ணில் படும்படியும் இடம் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து யாரும் தொட முடியாது என்று தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

இனி அடி. நீங்கள் இரண்டொரு முறை கை நீட்டியதை எழுதியிருக்கிறீர்கள், மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அதனால் பிள்ளையின் மூளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இந்தப் பிள்ளையிடம் அடி வேறெந்தப் பிள்ளையையும்விட எதிராகத்தான் வேலை செய்யும். ஓங்கிய கைதான் அவன் கற்ற முதல் பாடம். உங்கள் கையும் ஓங்கினால், இந்த வீடும் அந்த வீடுதான் என்று அவன் உடல் முடிவு கட்டும். நீங்கள் பட்ட பாடெல்லாம் பத்து நாள் பின்னால் போகும். சட்டமும் உங்கள் தம்பி பக்கம் இல்லை. பள்ளிகளில் பிரம்பு 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒழிந்தது. 2019 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், கண்டிப்புக்காகத்தான் அடித்தேன் என்று பெற்றோர் சொல்லித் தப்பிக்க இருந்த வழியையும் மூடிவிட்டது.

அடித்துவிட்டால் என்ன செய்வது? கோபம் இறங்கிய பின் அவனிடம் போய், "ஆயா அடித்தது தப்பு. எனக்குக் கோபம் வந்தது. உன்னை எங்கேயும் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்; வீடு மாறிய பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் எழும் கேள்வி அதுதான்.

நாங்கள் கஷ்டப்பட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்கிறீர்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த நிறவெறிக் காலத்துக் குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில், டர்பனின் காட்டோ மேனர் காலியாக்கப்பட்டு, மா மரமும் கோயிலும் கூட்டுக்குடும்பமும் விட்டு, எண் போட்ட சின்ன வீடுகளுக்கு வந்த தலைமுறை நீங்கள். அந்த லாரியில் உங்களோடு யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, ஒருவேளை உங்கள் ஆயா, அடுத்த தெருவில் இறங்கிய பெரியம்மா. நடந்தது அநியாயம், ஆனால் அநியாயம் செய்தவர் வெளியில் இருந்தார், அணைத்தவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். உங்கள் பேரனுக்குப் பயமும் பாசமும் ஒரே அறையில் இருந்தன. வித்தியாசம் அங்கேதான். இன்னொன்றையும் உரிமையோடு கேட்கிறேன்: உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லையா? அந்தத் தலைமுறையில் குடியில் விழுந்த மாமாக்களும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்து சீக்கிரம் போய்விட்டவர்களும் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு இதைத்தான் காட்டியது: இளமைத் துன்பம் கூடக்கூட, நடுவயதில் இதய நோய் முதல் குடிப்பழக்கம் வரை கூடுகிறது.

அந்த ஆய்வில் பிறந்த பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று இப்போது கைபேசி கைபேசியாகச் சுற்றுகிறது. யாராவது அதைக் கொண்டுவந்து பேரனுக்கு மதிப்பெண் போட்டால், வாங்கி வைத்துவிடுங்கள். ஊர் முழுவதையும் கணக்கெடுக்க உதவும் கருவி அது. ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார்.

தனிப் பிள்ளைகளைப் பற்றி அறிய வேண்டுமானால் ஹவாயின் கவாய் தீவுக்குப் போக வேண்டும். கரும்புத் தோட்டக் கூலிகளின் தீவு அது; நேட்டால் கரும்புக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அன்னியமில்லை. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவர் குழுவும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடி, சண்டை, மனநோய் என்று பல சிக்கல் சேர்ந்த வீடுகளில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நிதானமும் அன்பும் உள்ள மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, சின்ன வயதில் தம்மை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பெரியவர். பெற்றோராக இருக்க வேண்டும் என்றில்லை. பலருக்கு அது தாத்தா, பாட்டி. எனக்கு இதைவிடவும் பிடித்த பகுதி அடுத்தது: மீதிப் பேரில், பதின்வயதில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் முப்பது நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். வேலை, நல்ல துணை, படிப்பை மறுபடி தொடர்ந்தது என்று ஏதோ ஒரு திருப்பம் கிடைத்திருந்தது.

மினசோட்டாவில் மேகன் கன்னர் செய்த வேலையும் உங்களுக்குத் தெம்பு தரும். அனாதை இல்லங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் கார்டிசால், சின்ன வயதில் மரத்துப்போனதைப் போல் இருந்தது. நல்ல குடும்பத்தில் இருந்தவர்களுக்குப் பருவமடையும் காலத்தில் அது மற்றப் பிள்ளைகளின் அளவை நோக்கித் திரும்பியது. இது 2019இல் வந்த முடிவு. அதாவது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் உடலே இன்னொரு முறை கணக்கைச் சரிபார்க்கிறது. அப்போது வீடு அமைதியாக இருக்க வேண்டும்.

அப்போது உங்களுக்கு எழுபத்துமூன்று வயதாகியிருக்கும் என்று நீங்கள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. அதனால் உங்களைப் பற்றியும் பேச வேண்டும். பிள்ளையின் கார்டிசாலை இறக்குவது உங்கள் அமைதி; நீங்கள் தூங்காமல், ரத்த அழுத்த மாத்திரையை மறந்து, தனியாக ஓடிக்கொண்டிருந்தால் இறக்க முடியாது. கேப் டவுனின் கயலிட்ஷாவில் கர்ப்பிணிகள் 449 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதே பகுதியில் வாழும் சாதாரணப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தாயோடு உட்கார்ந்து பேசுவார்கள், குழந்தை காட்டும் சின்னச் சின்ன சைகையைக் கவனிக்கச் சொல்லுவார்கள். அவ்வளவுதான். ஒன்றரை வயதில் அந்தக் குழந்தைகளில் அதிகம் பேர் தாயோடு பாதுகாப்பான பிணைப்பில் இருந்தார்கள். வளர்ப்பவளுக்கு ஆள் துணை இருந்தால் அது பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. உங்கள் தம்பிக்கும் ஒரு வேலை கொடுங்கள். அறிவுரை வேண்டாம், வாரத்தில் ஒரு மாலை பையனைக் கிரிக்கெட் விளையாடக் கூட்டிப்போகட்டும், அந்த நேரம் நீங்கள் படுங்கள். குழந்தை உதவித்தொகையைப் பிள்ளையை நேரடியாகப் பராமரிப்பவர் பெயரில் பெறலாம். மகள் பெயரில் இதுவரை வாங்கவில்லையென்றால் நீங்களே விண்ணப்பிக்கலாம். மனம் தளர்ந்த நாளில் பேச, குழந்தைகளுக்கான உதவி அமைப்பான சைல்ட்லைனின் 116 என்ற எண் இலவசம், பெரியவர்களும் அழைக்கலாம்.

கோயில் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தினமும் காமாட்சி விளக்கு ஏற்றும் வீடு உங்களுடையது என்று நினைக்கிறேன். எண்ணெய் ஊற்றும் வேலையை அவனுக்குக் கொடுங்கள், தினமும் அதே நேரத்தில். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த நாள்தான் இந்தப் பிள்ளைகளுக்கு மருந்து. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் இடத்துக்கு அழைத்துப் போனால் மேளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். சாமி வந்து ஆடுபவர்களைப் பார்த்து அவன் மிரண்டால், அன்றைக்குப் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். அம்மன் கோபிக்க மாட்டாள்.

மகளின் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவள் போன பிறகு இரண்டு நாள் அவன் கலங்குவது, அவள் வருவதால் கெடுகிறான் என்பதற்குச் சாட்சி அல்ல. பிரிவு வலிக்கிறது, வலிக்கும் அளவுக்குப் பிணைப்பு இருக்கிறது. அவன் மனத்தில் வேறொரு கணக்கும் ஓடலாம்: அம்மா திரும்பிப் போகிற இடத்தில் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள், மறுபடி அடி விழுமா? ஏழு வயதில் இதை வாயால் கேட்கத் தெரியாது. திங்கட்கிழமை பள்ளியில் ஒருவனைத் தள்ளிவிடத்தான் தெரியும். ஆகவே மகள் அவனிடம் நேராகச் சொல்லட்டும்: "அப்பா இப்போது என்னோடு இல்லை. என் அறைக்குப் பூட்டு இருக்கிறது. நான் பத்திரமாக இருக்கிறேன்." முடிந்தால் ஒருமுறை ஃபீனிக்ஸுக்கு அவனை அழைத்துப்போய் அந்த அறையையும் பூட்டையும் காட்டட்டும். கணவர் அங்கே வந்து தொந்தரவு செய்கிறார் என்றால், 1998ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பையன் முன்னால் அப்பாவைத் திட்ட வேண்டாம். அவன் முகத்தில் அப்பாவின் சாடை இருக்கிறது. அவனே கண்ணாடியில் பார்க்கிறான்.

வருகையின் நேரத்தைக் கெட்டிப்படுத்துங்கள். பத்து மணிக்கு வந்தால் எல்லா வாரமும் பத்து மணி. ஒன்றாகச் சாப்பாடு, பிறகு பஸ் நிறுத்தம் வரை மூவருமாக நடை. போகும்போது அவளுடைய துப்பட்டாவோ, பழைய சட்டையோ ஒன்று அவனிடம் இருக்கட்டும். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஐந்து நிமிடம் போதும். வேலை காரணமாக ஒரு ஞாயிறு வர முடியாதென்றால், வெள்ளிக்கிழமையே அவளே பேசி அவனிடம் சொல்ல வேண்டும், உங்கள் வழியாக அல்ல. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வீட்டில் புதிதாக எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். விருந்தாளி, பல் மருத்துவர், முடி வெட்டு எல்லாம் புதன் முதல். இந்த ஏற்பாட்டை ஒரு பள்ளிப் பருவம் முழுக்க நடத்திப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைகள் எப்படி இருக்கின்றன என்று எனக்கு எழுதுங்கள். மருத்துவமனையிலிருந்து தேதி வந்தால் அதையும் எழுதுங்கள். அங்கே என்ன கேட்பார்கள், நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்கிறேன்.